இத்தாலி மேசை நீண்ட ஞாயிறு

எங்கள் ஆர்.எஸ்.புரம் வீட்டில் அப்பாவைவிட அதிக மரியாதை அனுபவித்தது ஒரு சாப்பாட்டு மேசை. மில் முதலாளி ஒருவர் பங்களாவைக் காலி செய்தபோது அப்பா வாங்கி வந்தது. இத்தாலியில் பேர்பெற்ற யாரோ வடிவமைத்ததாம். கறை படியக் கூடாதென்று வந்த அன்றே பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பால் மூடிவிட்டார். வருகிறவர்களிடமெல்லாம், "அங்கெல்லாம் குடும்பமே ஒண்ணா உக்காந்துதானுங்க சாப்பிடுவாங்க" என்பார்.

அதில் ஆறு பேர் உட்காரலாம். அப்பா, சித்தப்பா, குழந்தைகள் நால்வர் என்று இடம் நிரம்பிவிடும். அம்மாவும் சித்தியும் கடைசியில் சமையலறைத் தரையில் சாப்பிடுவார்கள். அம்மாவைக் கூப்பிட்டால், "எடமில்ல கண்ணு" என்பாள். எப்படியாவது அவளை என் பக்கத்தில் உட்கார வைக்கவேண்டும் என்பது என் பிடிவாதம்.

ஒரு ஞாயிறு வெள்ளகோவிலிலிருந்து மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். மேசையைக் காட்டவேண்டும் என்று அப்பா விரிப்பை எடுத்தார். நான் வழக்கம்போல அடியில் புகுந்திருந்தேன். விரிப்பு தொங்காததால் அன்று வெளிச்சம் விழுந்து, மேல்பலகைக்குக் கீழே இன்னொரு பலகை தெரிந்தது. பிடித்து இழுத்தேன்.

"ஒடச்சுப்போட்டயா!" என்று அப்பா அலறினார்.

உடையவில்லை. மேசை நீண்டிருந்தது. மறுபக்கம் இழுத்தால் அங்கும் ஒரு பலகை! அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "பத்துப் பேரு உக்காரலாமுங்க மச்சான்!" என்றார்.

"அப்ப அம்மாவும் சித்தியும் உக்காரலாமுங்களா?" என்றேன்.

அப்பா தொண்டையைச் செருமினார். "பரிமாற ஆள் வேணுமல்ல?"

"இத்தாலியில எல்லாரும் ஒண்ணாத்தான சாப்பிடுவாங்கன்னு சொன்னீங்க?"

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "சரியாத்தானுங்க கேக்கறா, மாப்பிள்ளை!"

குழம்பும் பொரியலும் பாத்திரத்தோடு மேசைக்கு வந்தன. அம்மா என் பக்கத்தில், புதுப் பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அப்பளத்தை உடைத்துக் கடித்தவள், "நல்லா மொறுமொறுன்னு இருக்குதே!" என்று ஆச்சரியப்பட்டாள். பொரித்தவளே அவள்தான். எனக்குச் சிரிப்பு வந்தது.

மாமா ஊருக்குப் போனதும் அப்பா இரண்டு பலகைகளையும் உள்ளே தள்ளி, விரிப்பைப் போட்டு மூடினார். மறுநாள் காலை நான் எழுந்து வந்தபோது விரிப்பு மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. அம்மா தன்னந்தனியாகப் பலகைகளை இழுத்து, மேசை முழுவதையும் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அதற்குப்பிறகு அப்பா தள்ளுவதும் அம்மா இழுப்பதுமாகக் கொஞ்ச நாள் நடந்தது. கடைசியில் அப்பாதான் விட்டுவிட்டார்.

வெளிநாட்டுச் சாமான் என்றால் அம்மாவுக்கு இவ்வளவு ஆசையா என்று நான் நினைத்துக்கொண்டேன்.