கடுகெண்ணெய்ப் போசி

என் மேசை மேல் ஒரு தூக்குப்போசி இருக்கிறது. எவர்சில்வர். மூடி தொலைந்துவிட்டது, பிடி ஒரு பக்கம் நெளிந்திருக்கிறது. பேனா, ஸ்கேல், காது குடையக்கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகும் நான் குடைந்துகொண்டிருக்கும் பழைய ரீஃபில் எல்லாம் அதில்தான் நிற்கின்றன. பள்ளியைப் பார்வையிட வந்த அதிகாரி ஒருவர், பேனா ஸ்டாண்டு வாங்க நிதி இல்லையா என்று கேட்டார். நிதி இருக்கிறது. ஆனால் வெயில் ஏறிய மதியங்களில் அதன் பக்கம் குனிந்தால் கடுகெண்ணெய் வாசம் லேசாக வருவதாக எனக்குப் படும். பேனா மை வாசம்தான் என்பது சக ஆசிரியர்களின் ஒருமித்த கருத்து. மூக்கு விஷயத்தில் பெரும்பான்மைக்குக் கட்டுப்படவேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

அந்தப் போசியில்தான் எங்கள் பழைய தலைமையாசிரியை மதியச் சாப்பாடு கொண்டுவருவார். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். எருமப்பட்டி வட்டாரத்தில், கோழிப்பண்ணைகளுக்கு நடுவே இருக்கும் எங்கள் பள்ளிக்கு மாற்றலாகி வந்து, இங்கேயே வீடு கட்டி, பெண்ணையும் இங்கேயே கட்டிக்கொடுத்தவர். ஆனாலும் ஊருக்கு அவர் கடைசிவரை ‘கெழக்கத்தி டீச்சர்’தான். நாங்கள் ஊடு என்பதை அவர் வீடு என்பார். அதற்குமேல் ஒரு சாட்சி வேண்டுமா? “ரெண்டு மணி நேர பஸ் தூரம் சார். அதுக்கே நான் வெளியூர்” என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். நானும் சிரிப்பேன். அதில் ஒரு மனக்குறை இருந்தது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

ஆண்டு விழாவில் ‘மாநிலங்களின் அணிவகுப்பு’ என்று ஒன்று உண்டு. அவருக்கு அதில் அசைக்கமுடியாத நம்பிக்கை. சேலத்துக் கடையில் உடைகளை வாடகைக்கு எடுத்து வருவது சமூக அறிவியல் ஆசிரியனான என் வேலை. இந்தியப் பண்பாடு அங்கே பாலித்தீன் பைகளில் தொங்கும். பஞ்சாப் என்றால் தலைப்பாகை, காஷ்மீர் என்றால் ஆப்பிள் கூடை, தமிழ்நாடு என்றால் ஒட்டு மீசை. அந்த மாதிரி மீசை வைத்த ஆளை நான் முனியப்பன் கோயிலில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அவரும் சிமெண்ட்.

அந்த வருடம் எட்டாம் வகுப்பில் ஒடிசாவிலிருந்து வந்த பெண் ஒருத்தி படித்தாள். அப்பாவும் அம்மாவும் பக்கத்துக் கோழிப்பண்ணையில் வேலை. சின்ன வயதிலேயே வந்துவிட்டதால் அவள் பேசுவது அச்சு அசல் நாமக்கல் தமிழ். “உண்மையான ஒடிசாவே நம்மகிட்ட இருக்கு சார்” என்று தலைமையாசிரியைக்கு ஒரே பூரிப்பு. சேலத்துக் கடைக்காரர் யோசித்தார். “ஒடிசாங்களா? அந்த செட்டு இல்லீங்களே. ராஜஸ்தான் எடுத்துக்கங்க. மேடையில யாருக்குத் தெரியப் போவுது?” எனக்கே தெரியாது என்பதால் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒத்திகையில் அந்தப் பெண் கண்ணாடிச் சில்லு தைத்த பாவாடையைப் பிரித்துப் பார்த்தாள். “டீச்சர், இது எங்கூர்ல போடறதில்லீங்க” என்றாள். பக்கத்தில் நின்ற லாரி ஓட்டுநரின் மகள் உடனே, “பின்ன உங்கூர்ல என்னடி போடுவாங்க? வாயில பாக்கைப் போட்டு செவுத்துல துப்புவாங்க, அதானே?” என்றாள். வகுப்பே சிரித்தது. அவள் அப்பா லாரியோடு இந்தியா முழுவதும் போய் வருகிறவர். வடக்கே எப்படிப்பட்ட ஆட்கள் என்று வந்து சொல்வார். அங்கே அவரை எப்படிப்பட்ட ஆள் என்கிறார்கள் என்பதை மட்டும் வீட்டில் சொல்வதில்லை.

மறுநாள் அந்தப் பெண் பள்ளிக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. தலைமையாசிரியை என் ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டார். பண்ணைக்குள், தகரக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த அறையில் அவள் அப்பாவைப் பார்த்தோம். அமைதியான மனிதர். உட்கார இடம் போட்டார். டி.சி. கொடுத்துவிடச் சொன்னார். “அது இனி வராதுங்க. இங்கயே முட்டை அடுக்கட்டும். கோழி யாரையும் பாத்துச் சிரிக்காதுங்க” என்றார். எனக்குத் தெரிந்த சமாதானங்கள் எல்லாமே பாடப்புத்தகத்தில் இருப்பவை. அவற்றை அந்தத் தகரக் கொட்டகையில் எடுத்துவிட வாய் வரவில்லை.

“ஒரு வாரம் குடுங்க. அதுக்கப்புறமும் யாராச்சும் சிரிச்சா, டி.சி.யை நானே கொண்டாந்து குடுக்கறேன்” என்றார் தலைமையாசிரியை. திரும்பும் வழியில் என் முதுகுக்குப் பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது. “உண்மையான ஒடிசான்னு சொன்னேனே சார். அவளுக்குன்னு ஒரு பேர் இருக்கில்ல?”

உடைகள் எல்லாம் சேலத்துக்கே திரும்பின. எட்டாம் வகுப்பில் வேறொரு ஏற்பாடு. காலையில் வீட்டில் என்ன சாப்பாடோ அதை மூடிய பாத்திரத்தில் கொண்டுவர வேண்டும். யாருடையது என்று சொல்லக்கூடாது. திறந்து பார்த்து மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். அப்பாவிடம் ஒரு வாரம் கெடு வாங்கிய டீச்சருக்காக அந்தப் பெண்ணும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒரு போசியைத் திறந்தபோது தண்ணீர் ஊற்றிய பழைய சோறு, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய். “தோட்டத்துக்காரன் ஊட்டுது, தோட்டத்துக்காரன் ஊட்டுது” என்று கத்தினார்கள். விவசாயி வீட்டுப் பையன் காது சிவக்க எழுந்து, “எங்கூட்ல பூரிங்க” என்றான். கொஞ்ச நேரம் கழித்து ஒடிசாப் பெண் எழுந்து நின்றாள். “அது என்னுதுங்க. எங்கூர்ல வெயிலுக்கு இதாங்க சாப்புடுவாங்க” என்றாள். அப்புறம் வகுப்பே கைதட்டியது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஒற்றுமையைப் பற்றி ஒரு கட்டுரைகூட மனதுக்குள் தொடங்கிவிட்டேன்.

தலைமையாசிரியை முகம் தெளியவில்லை. வராந்தாவில் வரும்போது சொன்னார்: “நம்மள மாதிரியே இருக்கான்னு தெரிஞ்சதும் கை தட்டுறாங்க சார். அவ நம்மள மாதிரி இல்லாத எடத்துல என்ன செய்வாங்க? பரீட்சையே அங்கதான.” என் கட்டுரை அந்த வராந்தாவிலேயே முடிந்தது.

மறுநாளைக்கு நம்மிடம் இல்லாத ஒன்றைக் கொண்டுவா என்று அவளிடம் சொல்லியிருந்தார். அவள் தயங்கித் தயங்கித்தான் கொண்டுவந்தாள். முந்தின நாள் பழைய சோறு வந்த அதே போசி; உள்ளே மசித்த உருளைக்கிழங்கு, அதன்மேல் காய்ச்சாத கடுகெண்ணெய். மூடியைத் திறந்ததும் அந்தக் காரநெடி முன் பெஞ்சிலிருந்து பின் பெஞ்சுவரை நடந்துபோனது. பாதி வகுப்பு மூக்கைப் பிடித்தது. “என்ன டீச்சர், இந்த நாத்தம் நாறுது” என்றாள் லாரிக்காரர் மகள். அந்தப் பெண் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு கதவையே பார்த்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் கோழிப்பண்ணை.

தலைமையாசிரியை ஒரு கை எடுத்து வாயில் போட்டார். கண்ணில் நீர் முட்டியது. இருமினார். நிதானமாக மென்று விழுங்கினார். நல்லா இருக்கிறது என்று சொல்லப்போகிறார் என நினைத்தேன். நானாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். அவர், “எனக்குப் புடிக்கல சாமி” என்றார். “உனக்குப் புடிக்குமா?”

“ரொம்பப் புடிக்குங்க.”

“அப்ப சரி. மூக்கப் புடிச்சவங்க எல்லாம் கையை எடுங்க. புடிக்கலைன்னு வாயால சொல்லலாம். நானும் அதைத்தான் சொன்னேன்.”

கைகள் இறங்கின. அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, “எனக்கும் உங்க அரிசிம்பருப்புச் சோறு புடிக்காதுங்க டீச்சர்” என்றாள்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு பொங்கும் சோறு அது; வகுப்பு அதிர்ந்துபோனது. கடவுளைக் குறை சொல்லியிருந்தால்கூட அப்படி அதிர்ந்திருக்காது. லாரிக்காரர் மகள் எழுந்தேவிட்டாள். “ஏன்டி, அரிசிம்பருப்பையா புடிக்கலைங்கற? நெய் ஊத்தித் தின்னுருக்கியா?”

“ஊத்தித்தான் தின்னேன். கொழகொழன்னு இருக்குது.”

“உங்க கெழங்கு மட்டும் என்னவாம்?”

மதிய மணி அடித்து வேப்பமரத்தடிக்குப் போன பிறகும் சண்டை ஓயவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்ற தலைமையாசிரியை, “சரிக்குச் சரி நின்னு சண்டை போடறாங்க சார். யாரும் சிரிக்கல” என்றார். டி.சி.க்கு வேலை வரவில்லை. பத்தாம் வகுப்பு வரை அந்த இருவருக்கும் ஒரே பெஞ்சு. சண்டைக்கு வசதியாக இருந்தது. போசியை, “நீங்களே வெச்சுக்கங்க டீச்சர், ஊட்ல வேற இருக்குதுங்க” என்று கொடுத்துவிட்டாள் அந்தப் பெண். அதற்கப்புறம்தான் டீச்சரின் மதியச் சாப்பாடு அதில் வர ஆரம்பித்தது.

தலைமையாசிரியை இப்போது இல்லை. ஓய்வு பெற்ற கொஞ்ச நாளில் நோயில் படுத்தார். இறுதி ஊர்வலத்தில்கூட எனக்கு முன்னால் நடந்தவர் யாரிடமோ, “கெழக்கத்தி டீச்சருங்க, நல்ல மனசு” என்று சொல்லிக்கொண்டு போனார். பள்ளியில் அவர் அறையைக் காலி செய்தபோது போசியை நான் எடுத்துக்கொண்டேன். அணிவகுப்பும் திரும்ப வந்துவிட்டது. புதிய நிர்வாகம், புதிய உற்சாகம். சேலத்திலிருந்து நான்தான் எடுத்துவருகிறேன். ஒடிசா செட்டு இன்னும் கிடையாது.

போன மாதம் போசியைக் கொடுத்த பெண் வந்தாள். நாமக்கல்லில் நர்சிங் படிக்கிறாளாம். டீச்சரைப் பார்க்க வந்தவளுக்கு நான்தான் விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. மேசைமேல் இருந்த போசியை அடையாளம் கண்டுகொண்டு, பேனாக்களை எடுத்து ஓரமாக வைத்தாள். குழாயடிக்குப் போய்த் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்தாள். சாப்பாட்டு நேரம். என் டப்பாவில் இருந்ததில் பாதியை அதில் போட்டுக் கொடுத்தேன். நெய் ஊற்றிய அரிசிம்பருப்பு. தலைகுனிந்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள்.

“இன்னும் புடிக்கலைங்க சார்” என்றாள்.

மறுபடி கழுவித் துடைத்து, பேனாக்களைப் பழையபடி அதில் நிறுத்திவைத்துவிட்டு, வாரேனுங்க சார் என்று கிளம்பினாள். இரண்டு முறை தேய்த்துக் கழுவிய போசி. இனி அதில் வாசம் வர நியாயமில்லை. மதியங்களில் குனிந்து பார்க்கிறேன்; வரத்தான் செய்கிறது.