மீட்டர் படிக்காத வீடு

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் பிழைத்திருந்தது. எதற்கெடுத்தாலும் மனு எழுதுவதால் தெருவுக்கு அவர் மகஜர். தெருவிளக்கு எரியவில்லையா, கூப்பிடு மகஜரை. பேருந்து நிறுத்தத்தை நாற்பது அடி தள்ளிப் போட்டுவிட்டார்களா, கூப்பிடு மகஜரை. ஒருமுறை எதிர்வீட்டு நாய் குரைப்பதைப் பற்றி மேலிடத்துக்கு மூன்று பக்கம் எழுதினார். பதில் வருவதற்குள் நாய்க்கு வயதாகிச் செத்துப்போனது. அதையும் தன் வெற்றிகளில் ஒன்றாகத்தான் சேர்த்துக்கொண்டார்.

பிழைப்பு குடிநீர் அலுவலகத்தில். இருபத்திரண்டு வருடமாக வீடு வீடாகப் போய்க் குனிந்து, தண்ணீர் மீட்டரின் கண்ணாடியைக் கட்டைவிரலால் துடைத்து, எண்ணைக் குறித்துக்கொண்டு நிமிர்வார். பதவி உயர்வுத் தேர்வை நான்கு தடவை எழுதி நான்கு தடவையும் கோட்டை விட்டவர். கட்டுரைக் கேள்விக்கு மட்டும் நல்ல மதிப்பெண் வரும். அந்த ஒரு கேள்விக்குத்தான் ஆயுள் முழுக்கப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறோமோ என்று சில சமயம் அவருக்கே தோன்றும். அப்படித் தோன்றினால் ஒரு டீ குடித்து அதைச் சரிசெய்துவிடுவார்.

அந்த வருடம் நாட்டில் எங்கே திரும்பினாலும் ஒரே பேச்சு. வெளிநாட்டுக்காரர்களை வேலைக்கு உள்ளே விடலாமா, கூடாதா? டீக்கடையில் பெஞ்சின் இந்த முனை கூடாது என்றது, அந்த முனை அவர்கள் இல்லாவிட்டால் கட்டடம் எழும்புமா என்றது. மகஜர் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் தலையாட்டினார். எல்லோருக்கும் ஒரு கருத்து இருக்க, தனக்கு மட்டும் இல்லாதது, ஊரே சட்டை போட்டிருக்கும்போது தான் பனியனோடு நிற்பதைப்போல அவருக்குக் கூச்சமாக இருந்தது.

கருத்து வீடு தேடி வந்தது. தெருக்கோடி வீட்டை வேற்று நாட்டிலிருந்து வந்த பதினோரு ஆண்கள் வாடகைக்கு எடுத்தார்கள். அடுத்த மாதமே தெருவில் தண்ணீர் வேகம் குறைந்தது. மாடி வீடுகளில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. தெருச் சங்கத் தலைவரான இரும்புக்கடைக்காரர் ஒரு நாள் வந்து, தண்ணீரையெல்லாம் அவர்கள் குடித்துத் தீர்க்கிறார்கள் என்றும், வீட்டைக் காலி செய்யச் சொல்லி மனு போட வேண்டும் என்றும், அதை மகஜரை விட்டால் எழுத ஆளில்லை என்றும் சொன்னார். இரும்புக்கடையில் மூட்டை தூக்குகிற இரண்டு பேரும் அந்தப் பதினோரு பேரில் சேர்த்திதான். அது மகஜருக்குத் தெரியும். ஆனால் கடைசியாகச் சொன்ன வார்த்தைக்குப் பிறகு வேறெதுவும் அவர் காதில் ஏறவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகத் தன் கைது உத்தரவைக்கூட அவரே எழுதிக் கொடுப்பார்.

அப்பாவின் கட்டிலை ஒட்டிய மேஜையில் உட்கார்ந்து எழுதினார். அங்கேதான் வெளிச்சம் நன்றாக இருக்கும். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அவரைத் தூக்கி உட்கார வைத்து, துடைத்து, ஊட்டி, படுக்கை விரிப்பைத் துவைத்துப் போட ஓர் ஆள் வருகிறார். அந்த ஆளும் தெருக்கோடி வீட்டுக்காரர்தான், பதினோரு பேரில் ஒருவர். இதில் மகஜருக்கு உறுத்தல் இருந்திருக்கும் என்று நினைத்தால் அவரை நீங்கள் இன்னும் சரியாகத் தெரிந்துகொள்ளவில்லை. அவர் மனக்கணக்கு சுத்தமாக இருந்தது. பத்துப் பேர் நாட்டைச் சுரண்ட வந்தவர்கள், ஒருவர் நம்ம ஆள்.

நம்ம ஆள் எட்டு மாதமாக வருகிறார். அதற்கு முன் உள்ளூரிலிருந்தே மூன்று பேர் வந்து பார்த்தார்கள். முதல் ஆள் ஒன்பது நாள் தாக்குப்பிடித்தார். இரண்டாவது ஆளுக்கு அப்பா வாயே திறக்கவில்லை. மூன்றாவது ஆள் மதியச் சாப்பாட்டுக்குப் போனவர்தான். இவர் வந்த அன்று அப்பா முழுக்கிண்ணக் கஞ்சியும் குடித்தார். இவர் ஒரு நாள் வராவிட்டால் அப்பா அன்றைக்குப் பட்டினி. மற்றவர் யார் கரண்டியை நீட்டினாலும் உதட்டை இறுக்கிக்கொள்வார்.

மனுவில் ஏழு காரணங்கள். ஐந்தாவது காரணத்தில் இருந்தபோது நம்ம ஆள் பின்கட்டிலிருந்து ஈரக் கையோடு வந்து, "சார், பின்பக்கம்..." என்று ஏதோ ஆரம்பித்தார். மகஜர் பேனாவைத் தூக்காமல் இடது கையைக் காட்டி நிறுத்தினார். 'அன்னியர் வருகையால் அருகிவரும் நீர்வளம்' என்ற வரி அப்போதுதான் வந்து விழுந்திருந்தது. அதைவிட அவசரமாக உலகத்தில் என்ன இருந்துவிடப் போகிறது?

அறுபத்துநான்கு கையெழுத்து சேர்ந்தது. மனுவை நகராட்சியில் கொடுத்துவிட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்தபோதுதான் மனைவி குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"அவங்கள காலி பண்ணிட்டா மாமாவ யாரு பாத்துக்குவா?"

"நம்ம ஆள் எங்க போகப் போறாரு? நம்ம சாமான் ரூம்ல படுத்துக்கட்டும்."

"அவரக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவரையே கேட்பது மகஜரின் தொழிலில் வழக்கமில்லை. நாயையும் கேட்கவில்லை. மறுநாள் பெரிய மனது பண்ணுகிற குரலில் சாமான் அறையைப் பற்றிச் சொன்னார். நம்ம ஆள் அப்பாவின் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

"என் அண்ணன் அந்த வீட்டுல இருக்காரு சார். அவங்க போனா நானும் போயிடுவேன். அண்ணன விட்டுட்டு இருக்க மாட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை, அதனால் மறுத்துப் பேசவும் வழியில்லை. அப்பா இடது கையால் அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு உலகத்திலேயே தன் மனு தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே ஆசாமி அவராகத்தான் இருப்பார். வைத்திருந்த பிரதியை எடுத்து ஓட்டை தேடினார். காரணத்துக்குக் காரணம் முட்டுக் கொடுத்து நின்றது. ஆயுளில் ஒரே ஒரு தடவை மோசமாக எழுதியிருக்கக் கூடாதா என்று தன்னையே திட்டிக்கொண்டார். திட்டும்போதே மூன்றாம் பத்தியை இன்னொரு தடவை ரசித்துப் படித்ததையும் சொல்லியாக வேண்டும்.

நகராட்சி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வியாழக்கிழமை சமுதாயக் கூடத்தில் அதிகாரி நேரில் விசாரிப்பார், தெருவின் எல்லா வீட்டு மீட்டர் கணக்கையும் அன்று மீட்டர் படிப்பவரே கொண்டுவந்து வாசிக்க வேண்டும். அதாவது மகஜரே.

புதன்கிழமை மத்தியானம் நோட்டோடு கிளம்பினார். நாலு பேர் உள்ள வீடுகளில் பதினைந்து, பதினெட்டு யூனிட். தெருக்கோடி வீட்டில் பதினோரு பேருக்கு இருபத்திரண்டு. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அதே இருபத்திரண்டு. பகல் முழுக்க வேலைக்குப் போய்விடுகிறவர்கள், வாளியில் பிடித்துக் குளிக்கிறவர்கள். அப்படியானால் தெருத் தண்ணீர் எங்கே போகிறது?

கடைசியாக ஒரு வீடு பாக்கி இருந்தது. அவருடையது. குடிநீர் அலுவலக ஊழியர் வீட்டுக்கு மாதம் ஒரே கட்டணம், அதனால் அந்த மீட்டரை யாரும் படிப்பதில்லை. ஊர் மீட்டர்களையெல்லாம் குனிந்து பார்த்தவர், தன் வீட்டு வாசலில் ஒரு நாளும் குனிந்ததில்லை. மூடியைத் திறந்தார். வீட்டில் ஒரு குழாயும் திறந்திருக்கவில்லை, மீட்டர் முள்ளோ பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. போன வருடம் மீட்டரைப் புதிதாகப் பொருத்தியபோது எண் குறித்த அட்டையை எடுத்துக் கழித்துப் பார்த்தார். மாதத்துக்கு எழுபது யூனிட்டுக்கும் மேலே வந்தது.

மாடி ஏறினார். தொட்டிக்குள் தண்ணீர் நிரம்பியதும் எழும்பி வழியை அடைக்க வேண்டிய பிளாஸ்டிக் பந்து, தண்டு உடைந்து, தனியே சுகமாக மிதந்துகொண்டிருந்தது. வழிகிற தண்ணீர் பின்பக்கக் குழாய் வழியாகத் துவைக்கிற கல்லைத் தாண்டி நேராகச் சாக்கடைக்குப் போனது. தெருவின் நீர்வளத்தை அருக வைத்த அன்னியர் யார் என்று தெரிந்துவிட்டது. மகஜர் தண்டை ஒரு கம்பியால் கட்டினார். தண்ணீர் நின்றது.

நோட்டில் தன் வீட்டு எண்ணை எழுதாமல் விட்டால் கேட்க நாதியில்லை. ஊழியர் வீடு கணக்கில் வராது என்றால் முடிந்தது, தெருவிலேயே பெரிய எண் அந்த இருபத்திரண்டுதான். மானம் பிழைக்கும், மனுவும் பிழைக்கும், அப்பாதான் பிழைக்க மாட்டார்.

வியாழக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. அதிகாரி ஒரு நடுத்தர வயதுப் பெண், தலை நிமிராமல் எழுதுகிறவர். இரும்புக்கடைக்காரர் நாட்டைக் காப்பாற்றும் தொனியில் அரை மணி பேசினார். தெருக்கோடி வீட்டின் சொந்தக்கார அம்மா, இரண்டு வருடம் பூட்டிக் கிடந்த வீட்டுக்கு இவர்களை விட்டால் எவன் வந்தான் என்று கேட்டார். பிறகு தெருவில் குடியிருக்கும் பெயிண்டர் ஒருவர் எழுந்தார். அவர் தண்ணீரைப் பற்றிப் பேசவே இல்லை.

"அவங்க மேல எனக்குக் கோவம் இல்லைங்க. நான் கேக்குற கூலியில பாதிக்கு வர்றாங்க. ரெண்டு மாசமா எனக்கு வேலை இல்ல. நான் யாரக் கேக்கணும்?"

அதிகாரி முதல் தடவையாக நிமிர்ந்தார். பாதிக் கூலி கொடுக்கிறவரையும் யாராவது கேட்க வேண்டும் என்று சொன்னார். இரும்புக்கடைக்காரர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார். ஏழு காரணம் எழுதிய தனக்கு இந்த ஒரு காரணம் தோன்றாமல் போனதே என்று மகஜருக்கு வெட்கமாக இருந்தது. பெயிண்டரையும் அவர் கேட்டதில்லை, கையெழுத்து மட்டும் வாங்கியிருந்தார்.

கணக்கை வாசிக்கச் சொன்னார்கள். வீடு வீடாக வாசித்தார். தெருக்கோடி வீடு, இருபத்திரண்டு. சலசலப்பு எழுந்தது. நோட்டை மூடலாம், கை மூடவும் செய்தது. பின்வரிசையில் தெருக்கோடி வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். நம்ம ஆள் மட்டும் அங்கே இல்லை. அது அப்பாவுக்கு ஊட்டுகிற நேரம்.

மகஜர் நோட்டைத் திறந்தார்.

"இன்னும் ஒரு வீடு இருக்கு மேடம். என் வீடு. எழுபத்தி மூணு. தொட்டியில பந்து ஒடஞ்சு, தெருவுல தண்ணி கொறஞ்ச நாள்லேருந்து வழிஞ்சிருக்கு. தெருத் தண்ணிய வீணாக்குனது நான்தான்."

ஒரு கணம் ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் கூடமே சிரித்தது. பெயிண்டர்கூடச் சிரித்தார். அதிகாரி மனுவின் முதல் பக்கத்தைப் புரட்டி, "இதை எழுதினவரும் நீங்கதானே?" என்று கேட்டார். "ஆமாம் மேடம்" என்றார். எழுத்து நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அதிகாரி மனுவைத் தள்ளுபடி செய்தார். இருபத்திரண்டு வருடமாக மேலிடத்திலிருந்து வராதா என்று ஏங்கிய பாராட்டு அந்த நேரம் பார்த்துத்தானா வர வேண்டும்?

நேர்மைக்காகச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு ஆசைதான். அதில் பாதி அப்பாவின் கஞ்சிக் கிண்ணம் என்பது அவர் மனசாட்சிக்குத் தெரியும். தெரு அவர் பேரை அன்று சாயங்காலமே மாற்றிவிட்டது. இப்போது அவர் எழுபத்திமூணு.

வீட்டுக்கு வந்தபோது நம்ம ஆள் பின்கட்டில் விரிப்பைப் பிழிந்துகொண்டிருந்தார். மனு தள்ளுபடியானது அதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது. மகஜர் எதிரில் நின்று, தொட்டி வழிந்ததைச் சொல்லி, மன்னிப்பு மாதிரி ஏதோ ஒன்றைச் சுற்றி வளைத்து ஆரம்பித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு வாக்கியம் முடியவில்லை.

"தொட்டி வழியறது எனக்குத் தெரியும் சார். மூணு தடவ சொல்ல வந்தேன்" என்றார் அவர், விரிப்பை உதறிக்கொண்டே. "நீங்க எங்களப் பத்தி எழுதிட்டு இருந்தீங்க."