சந்தனப் பொட்டும் மஞ்சள் பெயிண்டும்

என் ஓரகத்தி வீட்டுக்குக் கார் வந்த அன்று நான் ரசத்துக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். அந்த ரசத்தை இரண்டு தடவை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டே என் வீட்டுக்காரர், "அண்ணி வண்டி இன்னா கலரு பாத்தியா?" என்று கேட்டார். உப்பில்லாதது அவர் நாக்குக்குத் தெரியவேயில்லை. எனக்கு வயிறு எரியத் தொடங்கியது அந்த வேளையில்தான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மேனாம்பேட்டில் ஒரே காம்பவுண்டுக்குள் எங்களுக்கு இரண்டு வீடுகள். முன்வீடு என் வீட்டுக்காரரின் அண்ணனுடையது, பின்வீடு எங்களுடையது. அண்ணன் துபாயில் வேலை பார்த்தார். என் வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத்துப் பட்டறையில் இருந்தார். அவர்களிடம் புத்தம் புது வெள்ளைக் கார், எங்களிடம் ஒரு பழைய மொபெட். நான் வெளியே போக வேண்டுமென்றால் அந்தக் காரைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். தினமும் சுற்றினேன்.

கார் இருந்ததுகூடப் பரவாயில்லை. அவளே ஓட்டினாள். எங்கள் தெருவில் அதுவரை ஒரு பொம்பளை சைக்கிளைத் தாண்டி எதையும் ஓட்டிப் பார்த்ததில்லை. இவள் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, ஒரே மாதத்தில் லைசென்ஸ் வாங்கி, எதிரே லாரி வந்தாலும் ஒதுங்காமல் போய்க்கொண்டிருந்தாள். அதிலும் அழகாக வேறு இருந்து தொலைத்தாள்.

முதல் இலவச சர்வீசுக்குப் போன வண்டி, சீட்டெல்லாம் கிரீஸ் கறையோடு திரும்பியது. நாள் முழுக்க ஆம்பளைகளுக்கு நடுவே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள் என்று அவளுக்கு ஆத்திரம். வண்டியோடு கொடுத்த புத்தகத்தை எடுத்து, பக்கத்தில் டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு, ஒரு வாரம் உட்கார்ந்து படித்தாள். ஓனரே செய்யக்கூடிய வேலைகள் இருக்கின்றன என்று கண்டுபிடித்துவிட்டாள். ஆயில் மாற்றலாம், ஏர் ஃபில்டர் தட்டலாம், பிளக் துடைக்கலாம், பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றலாம். அவர்கள் சொன்ன ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும், வாங்கிய பில்லைப் பத்திரமாக வைக்க வேண்டும், இலவச சர்வீஸ்களுக்குத் தவறாமல் போக வேண்டும். அப்படிச் செய்தால் ஒரு வருட வாரண்டி அப்படியே இருக்கும். ஒன்றே ஒன்று மட்டும் கூடாது. கம்பெனியில் சில போல்ட்டுகளின் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரை மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுத்திருப்பார்கள். அங்கே ஸ்பேனர் வைத்துத் திருப்பினால் கோடு உடைந்துவிடும், வாரண்டியும் போய்விடும்.

துபாயிலிருந்து போனில் பேசிய அண்ணனும் அதையேதான் சொன்னாராம்: "நீ இன்னா வேணா பண்ணு. வாரண்டி போச்சுன்னு காதுல வுழுந்தா, லீவுல வந்ததும் வண்டிய வித்துடுவேன்."

இதையெல்லாம் எனக்குச் சொன்னது என் வீட்டுக்காரர்தான். ஏனென்றால் ஆயில் மாற்ற அவளுக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த ஆள் எங்கள் காம்பவுண்டில் ஒருவர்தான் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை என்னுடையது. வாரத்தில் ஆறு நாள் பட்டறை, ஓவர்டைம், வீட்டுக்கு வந்ததும் தூக்கம். ஞாயிறு ஒரு நாள்தான் அவர் என் கூட இருப்பார். காலையில் கறி வாங்கி வருவார், சாப்பிட்டுவிட்டு மொபெட்டில் வெள்ளானூருக்கு என் அம்மா வீட்டுக்குப் போவோம். போகிற வழியெல்லாம் அவர் தோளில் கை வைத்துக்கொண்டு நான் பேசிக்கொண்டே வருவேன். கார் வந்த பிறகு வெள்ளானூரும் போயிற்று, கறியும் மத்தியானத்துக்கு மேல்தான் வந்தது.

காலையிலேயே முன்வாசலில் பானட் திறந்துவிடும். அவள் புருஷனின் பழைய சட்டை ஒன்றைப் புடவை மேல் மாட்டிக்கொண்டு அவள் ஒரு பக்கம், லுங்கியை மடித்துக்கட்டிக்கொண்டு இவர் ஒரு பக்கம். "அண்ணி, பதினாலாம் நம்பர் ஸ்பேனர் குடுங்க." "இந்தா தம்பி." பிறகு ஒரு சிரிப்பு. ஒரு ஸ்பேனரில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நான் தப்பாக எதுவும் நினைக்கவில்லை. நினைக்கிற மாதிரி இருந்திருந்தால் நடுவாசலில் நின்று ஒரு சண்டை போட்டு அன்றைக்கே முடித்திருப்பேன். இது அப்படிச் சண்டை போட முடியாத பொறாமை. என்னிடம் அவர் பேசினால் காஸ் புக் பண்ணியாச்சா, ரேஷனில் பாமாயில் வந்துச்சா, அவ்வளவுதான். அவளிடம் மட்டும் அவருக்கு எப்படி அவ்வளவு பேச்சு வந்தது? ஆயிலை விரலில் தொட்டு வெயிலில் காட்டி என்னவோ விளக்குவார். அவளும் வாயைத் திறந்துகொண்டு கேட்பாள். கல்யாணமான புதிதில் நான் அப்படிக் கேட்டிருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்குப் போனோம், காரில். முன்சீட்டில் இவர். "இன்ஜின் சத்தம் கேக்கணும்மே" என்றார். பின்சீட்டில் நான், புளிசோற்றுத் தூக்கு, அவள் பிள்ளைகள். போக வர இருவரும் இன்ஜின் சத்தத்தைப் பற்றியே பேசினார்கள். ஏரியில் தண்ணீர் இருந்ததா என்றுகூட எனக்கு நினைவில்லை.

அந்த வருடம் ஆயுதபூஜைக்கு முந்தின வாரம் இரண்டாவது இலவச சர்வீஸ் முடிந்து வண்டி வந்தது. பூஜைக்கு முதல்நாள் பட்டறையில் மெஷினையெல்லாம் கழுவிவிட்டு இவர் கிரீஸ், பெயிண்ட் கரைக்கிற தின்னர் வாடையோடு வீட்டுக்கு வந்தார். ஓரகத்தி பூசணிக்காயும் பொரியும் வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். அண்ணி வருவதற்குள் அசத்திவிட வேண்டும் என்று இவருக்கு ஆசை வந்துவிட்டது. பானட்டைத் திறந்து, லேத்தைத் துடைப்பது போலவே, பழைய துணியில் தின்னரை நனைத்து ஒரு போல்ட் விடாமல் தேய்த்தார். பட்டறைக்காரர் கை அது. அழுக்கு இருக்கிற இடம், இல்லாத இடம் என்று அதற்குத் தெரியாது. கிரீஸ் போயிற்று. கூடவே மஞ்சள் கோடுகளும் போய்விட்டன. அது அவருக்கும் உறைக்கவில்லை, அப்போது எனக்கும் தெரியவில்லை.

"பொட்டு நீ வைமே. உன் கைதான் நல்லா நிக்கும்" என்றார்.

எங்கள் பக்கத்தில் பட்டறைக்காரர் வீடென்றால் ஆயுதபூஜை அன்று பொட்டில்லாத இரும்பு இருக்கக் கூடாது. அரிவாள்மனையிலிருந்து இரும்பறுக்கிற ஆக்சா பிளேடு வரை வைப்போம். இரும்பில் சந்தனம் காய்ந்தால் உதிர்ந்துவிடும், அதற்கு ஒரு பக்குவம் உண்டு. கெட்டியாகக் குழைத்து, பாதி போல்ட் தலையிலும் பாதி பக்கத்து இரும்பிலுமாக ஏற்றி அழுத்த வேண்டும், நடுவில் குங்குமம். வயிற்றெரிச்சலோடுதான் வைத்தேன். ஆனாலும் வேலையில் குறை வைக்கவில்லை. இன்ஜின் முழுக்க ஒரு போல்ட் விடாமல் வைத்தேன்.

மார்க்கெட்டிலிருந்து வந்தவள் குனிந்து பார்த்துவிட்டு, "ஐயோ தம்பி, இன்னாமா மின்னுது! கண்ணாடி கணக்கா கீது!" என்றாள். என் பொட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டேன்.

தீபாவளி முடிந்த வாரம் வண்டியில் சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்தது. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற டைனமோ வேலை செய்யவில்லை. வாரண்டி இருக்கிறதே, புதுசு மாற்றித் தருவார்கள் என்று தைரியமாகக் கிளம்பினாள் ஓரகத்தி. இவருக்குப் பட்டறையில் லீவு கிடைக்கவில்லை. தனியாகப் போய் அந்த பெஞ்சில் உட்கார மாட்டேன் என்று என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். பின்சீட்டில் ஏறிக்கொண்டேன்.

பூந்தமல்லி ரோட்டில் இருந்தது அந்த சர்வீஸ் சென்டர். சூப்பர்வைசர் பானட்டைத் தூக்கினார், டைனமோவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"இதை யாரும்மா கழட்டினது?"

"யாரும் கழட்டலயே சார்."

"அப்ப பெயிண்ட் மார்க் எங்க? ஒண்ணு கூட இல்ல பாருங்க. வீட்டுலயே எல்லாம் செய்யறீங்க போல. ஆயில் மாத்தினீங்க சரி, பில்லு இருக்கு. இதுல யார் கை வைக்கச் சொன்னா? வாரண்டி கிடையாது."

ஓரகத்தி குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது. எனக்கு உடனே கணக்குப் புரிந்துவிட்டது. வாரண்டி போனால் வண்டி போகும். வண்டி போனால் பானட் போகும், பதினாலாம் நம்பர் போகும், என் ஞாயிற்றுக்கிழமை வீடு திரும்பும். சத்தியமாகச் சொல்கிறேன், என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அப்போதுதான் என் பொட்டைப் பார்த்தேன். டைனமோவின் நாலு போல்ட்டிலும், கறுத்துப் போய், ஆனால் ஒரு கீறல் இல்லாமல், பாதி தலையிலும் பாதி இரும்பிலுமாக அப்படியே உட்கார்ந்திருந்தது. ஸ்பேனர் வைத்திருந்தால் உடைந்திருக்கும். அந்த இடத்தில் அது தெரிந்தவள் நான் ஒருத்திதான். வாயை மூடிக்கொண்டு நின்றேன். மூடிக்கொண்டே வீட்டுக்கும் வந்திருப்பேன்.

சூப்பர்வைசர் விடவில்லை. "பெயிண்ட் தானா போவாதும்மா. யார் துடைச்சது?" என்றார்.

ஓரகத்திக்கு அந்நேரம் தெரிந்துவிட்டது. மின்னிய இன்ஜின் அவளுக்கு ஞாபகம் வந்திருக்கும். "நான்தான் சார் தொடைச்சேன். அழுக்கா இருந்துச்சு" என்றாள்.

என் உச்சந்தலைக்குச் சூடு ஏறியது. என் புருஷன் செய்த காரியத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டு அவரைக் காப்பாற்ற இவள் யார்? அவர் செய்த பைத்தியக்காரத்தனத்துக்கு யாராவது முட்டுக் கொடுக்க வேண்டுமென்றால் அதற்கு நான் இருக்கிறேன். சாயங்காலம் இது அவர் காதுக்குப் போகும். எனக்காக அண்ணி பழியை ஏற்றுக்கொண்டார்கள் என்று அவர் சாகிறவரை சொல்லிக்கொண்டிருப்பார். அதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

"அவங்க தொடைக்கல சார்," என்றேன். "தொடைச்சது என் ஊட்டுக்காரரு, ஆயுதபூஜைக்கு. பொட்டு வெச்சது நானு. உங்க பெயிண்டுதான் இல்ல, என் பொட்டு கீதா இல்லயா பாருங்க. பூஜைக்கு முந்தின வாரம் இங்கதான் சர்வீசுக்கு வுட்டோம். அப்ப உங்க கோடு இருந்துச்சுல்ல? பூஜைக்கு அப்புறம் எவனாவது திருப்பியிருந்தா என் பொட்டு ரெண்டா பொளந்திருக்கும். வேணும்னா நீங்களே திருப்பிப் பாருங்க."

அவர் டார்ச் அடித்துப் பார்த்தார். நகத்தால் சுரண்டிப் பார்த்தார். மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஒரு போல்ட்டில் ஸ்பேனர் வைக்கச் சொன்னார். கால் சுற்றுத் திருப்பியதும் பொட்டு நடுவில் பிளந்து, ஒரு பாதி கீழே விழுந்தது. மற்ற மூன்றும் உடையாமல் இருந்தன. எங்கள் பழைய சர்வீஸ் சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு அவர் சிரித்துவிட்டார்.

"எங்க பெயிண்ட விட இது நல்லாப் புடிச்சிருக்கும்மா" என்றார்.

புது டைனமோ மாட்டிக் கொடுத்தார்கள், புது மஞ்சள் கோட்டோடு. காரில் ஏறும்போது ஓரகத்தி முன்கதவைத் திறந்துவிட்டாள். முன்சீட்டில் உட்கார்ந்தால் இன்ஜின் சத்தம் நன்றாகவே கேட்கிறது.

பாடி ஸ்டாப்பைத் தாண்டியதும், "இனிமே தம்பிய இன்ஜின் பக்கமே வுடக் கூடாது" என்றாள். "தின்னர தூக்கிக்கினு வந்துடும். ஞாயித்துக்கெழம நீ வா."

"எனக்கு இன்னா தெரியும் அக்கா?"

"உனக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியலயே."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் மேலிருந்த எரிச்சல் அந்த ஒரு வார்த்தையில் போய்விடவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை போனேன். அவள் எனக்கும் ஒரு பழைய சட்டையை எடுத்து வைத்திருந்தாள். ஏர் ஃபில்டரைத் தட்டினால் எவ்வளவு மண் கொட்டும் என்று அன்றுதான் பார்த்தேன். அவள் முகமெல்லாம் மண். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவளும் சிரித்தாள்.

என் வீட்டுக்காரர் நடையில் வந்து நின்றார். உள்ளே போனார். மறுபடி வந்து நின்றார். "அண்ணி, ஸ்பேனர் எதுனா எடுத்துத் தரவா?" என்றார். "வேணாம் தம்பி, அவ எடுத்துப்பா" என்றாள் ஓரகத்தி.

கொஞ்ச நேரம் கழித்து, "ஏமே, வெள்ளானூர் போலாமா? உங்கம்மா தேடுவாங்க" என்றார். மாதக்கணக்காக நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை அது.

"நீங்க வேணா போய்ட்டு வாங்க" என்றேன், பானட்டுக்குள்ளிருந்து தலையை எடுக்காமல்.

அவர் போகவில்லை. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர் ரசத்தை ஊற்றி ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினார்.

"உப்பே இல்ல" என்றார்.

நான் சரியாகத்தான் போட்டிருந்தேன்.