போயிட்டார் என்றால்

லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில், வரும் புகார்களுக்குப் பதில் எழுதுவது அவள் வேலை. எதையும் இரண்டு முறை படிக்காமல் அனுப்பமாட்டாள். அதனால் ஆபீசில் அவளுக்கு 'ரெண்டு தடவை அக்கா' என்று பெயர். அந்தக் கிண்டலில் கொஞ்சம் மரியாதையும் இருந்தது, பக்கத்து நாற்காலிக்குப் புது மாப்பிள்ளை வரும்வரை.

கல்யாணமான புதிது, பையனுக்கு வீட்டுக்கு ஓடவேண்டும். புகாரை சாட்பாட்டில் போடுவான், வந்ததை அப்படியே தட்டிவிடுவான். மேலதிகாரி அதற்கு வகுப்பெல்லாம் எடுத்தபோது அக்கா கொட்டாவி விட்டவள்தான். யாரும் கட்டாயப்படுத்தவும் இல்லை. சுவரில் ஒரு திரையை மட்டும் மாட்டினார்கள். யார் எத்தனை பதில் அனுப்பினார்கள் என்று நாள் முழுக்க அதில் ஓடும். அக்கா எப்போதும் கடைசி. ஆள் குறைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு வேறு. வீட்டில் கணவர் முதுகில் அடிபட்டுப் படுத்திருக்கிறார். அந்தத் திரையைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு, அடுத்தது தான்தானோ என்ற பயம்.

"ஏங்க்கா இதோட மாரடிக்கிறீங்க? இதுல போடுங்க, அதுவே எழுதிக் குடுத்துடும்" என்றான் புது மாப்பிள்ளை.

போட்டாள். முதலில் இரண்டு முறை படித்தாள், பிறகு ஒருமுறை, பிறகு மேலோட்டமாக. பெயர் மேலே ஏறியது. பயம் போகவில்லை. மறுபடி கீழே வந்துவிடுமோ என்று இன்னொரு பயம் சேர்ந்துகொண்டது.

அப்போதுதான் ஒரு பெண்ணிடமிருந்து அந்தப் புகார் வந்தது: "உங்க லிஃப்ட் ஓடலை. எத்தனை தடவை சொல்றது? அப்பா படியிலேயே போயிட்டார்."

சாட்பாட் எழுதியது: "சிரமத்துக்கு வருந்துகிறோம். தங்கள் தந்தையார் படியிலேயே பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது அறிந்து மகிழ்ச்சி."

முதல் வரியோடு கண்ணை எடுத்து அக்கா அனுப்பிவிட்டாள்.

அந்த மனுஷன் செத்துப்போயிருந்தார். போயிட்டார் என்றால் நமக்கு என்னவென்று தெரியாதா? மெஷினுக்கு அவர் மாடிக்குப் போயிருந்தார். அதோடாவது விட்டதா? 'போய்ச் சேர்ந்தது' என்று எதிரி வீட்டுச் சாவுக்குக்கூட யாரும் எழுதமாட்டார்கள்.

சாப்பிட்டு வந்து உட்கார்ந்ததும் போன் அடித்தது. "எங்கப்பாவைப் பத்தி இப்படி எழுதினது யாரு?" என்று கேட்டாள் அந்தப் பெண். அக்கா பதறிப்போய் அனுப்பியதைத் திறந்து படித்தாள். விஷயம் புரிந்த புது மாப்பிள்ளை, "மெஷின் தப்புன்னு சொல்லிடுங்க, இல்லேன்னா வேலை போயிடும்" என்று கிசுகிசுத்தான்.

அவளுக்கும் அதைச் சொல்லத்தான் ஆசை. பாவி, வாய் வரவில்லை.

"எழுதினது மெஷின்தாம்மா. ஆனா அனுப்பினது நான். படிக்காம அனுப்பிட்டேன்."



"அங்க யாரும் இல்ல, எல்லாம் மெஷினா இருக்கும்னு மனசைத் தேத்திக்கிட்டிருந்தேன்" என்றாள் அந்தப் பெண். "ஆள் இருந்துமா?"