லாரி நெற்றியில் ஐரீன்

ஊர் போகும் வழியில், படப்பை ரோட்டோரம் என் புது லாரி நிற்கிறது. மூணாம் வகுப்பு தாண்டாத நான் வாங்கிய நாலாவது லாரி இது. நெற்றியில் பேத்தி பேர் எழுத வேண்டும். "ஐரீன். கிரேக்கப் பேரு, சாந்தின்னு அர்த்தம், பாதிரியாரே சொன்னார்" என்று பெயிண்டர் பொன்னுசாமியிடம் பெருமையாகச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போகிறேன்.

திரும்பி வந்தால், கண்ணாடிக்கு மேலே பூவெல்லாம் போட்டு 'சாந்தி' என்று மின்னுகிறது!

"இன்னாண்ணா, அர்த்தம் ஒண்ணுதானே? இதான் எல்லாருக்கும் புரியும்."

எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. "பொன்னும் தங்கமும்கூட ஒண்ணுதான்யா. தங்கசாமின்னு கூப்பிட்டா நீ திரும்புவியா? அங்கே குழந்தை தன் பேரைப் பார்க்க வாசல்லயே நிக்குது!"

பொன்னுசாமி எழுத்தை அழிக்கத் துணியை மண்ணெண்ணெயில் நனைக்கிறான். ஐரீன் ஏறாமல் இந்த லாரி படப்பையைத் தாண்டாது.