டைரி லாரன்ஸும் உப்புக் காற்றும்

காலடிப்பேட்டையில் இட்லிப் பொட்டலத்துக்காக நின்றுகொண்டிருந்தபோது டிரெய்லர் டிரைவர் காசி போன் செய்தான். "நைனா, நம்ம டைரி பூட்டாரு." லாரன்ஸ் இறந்துவிட்டாராம்; போனிலேயே அழுதான். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை அத்தனை கன்டெய்னர் லாரிகளும் அந்த நொடியில் நின்று ஹாரன் அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. இந்த உலகத்தை நான் மன்னிப்பதாக இல்லை.

உங்களில் பலர் லாரன்ஸை டைரி என்றுதான் அறிவீர்கள். துறைமுக வாசலருகே, சரக்கைக் கப்பலேற்றி அனுப்பும் ஒரு கிளியரிங் ஆபீஸில் அவருக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. எந்தச் சரக்குக்கு எந்த லாரி என்று ஏற்பாடு செய்வது அவர் வேலை. கப்பலில் வேலை பார்த்த அவர் மச்சான் சிங்கப்பூரிலிருந்து ஒரு டிஜிட்டல் டைரி வாங்கிவந்து கொடுத்தார். சோப்புக் கட்டி அளவு, அரிசி அரிசியாய்ப் பொத்தான்கள். வடசென்னையில் விஞ்ஞானம் பிறந்தது அன்றுதான். லாரன்ஸ் எல்லா நம்பர்களையும் அதில் ஏற்றிவிட்டு, பழைய நோட்டைக் கிழித்து எங்களுக்கு அதிலேயே பஜ்ஜி மடித்துக் கொடுத்தார்.

அப்போது எந்த டிரைவரிடமும் போன் கிடையாது. டீக்கடைக்கோ தையல்கடைக்கோ போன் செய்து கூப்பிடச் சொல்ல வேண்டும். லாரன்ஸ் ஒவ்வொரு கடைக்கும் காலையிலேயே போன் போடுவார். காசிக்கு வழி, மணலி புதுநகர் தையல்கடை சரசு அக்கா. வேலை இருக்கிறதோ இல்லையோ, அக்காவின் முழங்கால் வலியை விசாரித்த பிறகுதான் அவருக்கு டீ இறங்கும். "மாமு, மொதல்ல ஆளை விசாரி. அப்பால லாரியை விசாரி" என்பார்.

அந்த டைரிக்குள் இரண்டு பேட்டரிகள். ஒன்றை எடுத்தால் மற்றது உள்ளே இருக்க வேண்டும். இல்லையென்றால் எல்லாம் அழிந்துவிடும். நம் ஊர் உப்புக் காற்று இரும்புக் கிரேனையே அப்பளமாகத் தின்னும். பேட்டரியை விடுமா என்று பயந்து, ஒருநாள் காலை இரண்டையும் கழற்றிக் கைக்குட்டையால் பளபளவென்று துடைத்தார் லாரன்ஸ். திரும்பப் போட்டதும் அது தேதி கேட்டது. உள்ளே ஒரு நம்பர்கூட இல்லை.

அன்று பார்த்து ஒரு குளிர்பெட்டிக் கன்டெய்னர் நிறைய இறால், மாலைக்குள் கப்பலேற வேண்டும். ஜெனரேட்டர் கட்டிய டிரெய்லர் காசியிடம் மட்டும்தான் இருந்தது. "இறால் நாறுச்சுன்னா நாளைலேர்ந்து இந்தப் பக்கமே வராத" என்றார் முதலாளி. நேரில் போகலாமென்றால், மணலி சாலை நெரிசலில் போய்ச் சேர்வதற்குள் இறாலுக்குப் பேரன் பிறந்துவிடும். லாரன்ஸ் அந்தோணியார் படத்தைப் பார்த்தார், டைரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மூவரிடமும் நம்பர் இல்லை.

அப்போது மேசை போன் அடித்தது.

"இன்னா டைரி, காலைலேர்ந்து போனையே காணோம்? உடம்பு கிடம்பு சரியில்லியா?" சரசு அக்காவின் குரல் எனக்கே கேட்டது.

"அக்கா! பேட்டரிய புடுங்கிட்டேங்க்கா! காசி கீறானா?"

"இங்கதான் கால்சட்டைக்குப் பட்டன் தெச்சிக்கினு குந்திகினு கீறான். இன்னாத்துக்கு அழுவுற?"

காசி பாதிப் பட்டனோடு பறந்து வந்தான். இறால் கப்பலேறியது. மறுநாள் காலை லாரன்ஸ் முதல் போனை அக்காவுக்குத்தான் போட்டார். அழிந்த நம்பர்கள் பற்றிப் பேச்சே இல்லை. முழங்காலைப் பற்றித்தான் பேசினார்.

அடக்கம் முடிந்தபின் அவர் மனைவி அந்த டைரியை என் கையில் வைத்தார். அது இனி வேலை செய்யாது. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தக் காலை போன். என் செல்லில் ஊரில் உள்ள எல்லோருடைய நம்பரும் கிடக்கிறது. ஆனால் வேலை இல்லாமல் இதுவரை ஒருவரையும் நான் கூப்பிட்டதில்லை. இன்று காலை சரசு அக்காவைக் கூப்பிட்டேன்.

"இன்னா விஷயம்?" என்றார்.

"ஒண்ணுமில்லக்கா. முட்டி வலி எப்படி கீது?"

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்: "இன்னா, நீயும் பேட்டரிய புடுங்கிட்டியா?"