பேட்ச் விழுந்த துணி

நான் மைக்செட் வைத்திருப்பவன். கல்யாணம், காதுகுத்து, எழவு, எலெக்‌ஷன், எல்லாவற்றுக்கும் ஒரே ஆம்ப்ளிஃபயர்தான். அவிநாசியில் என் வாய்க்கு நல்ல பெயர் கிடையாது. என் குழாய் ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்ட எருமை இரட்டைக் கன்று போட்டது என்று ஒரு தடவை சொன்னேன். யாரும் நம்பவில்லை. சரி, கன்று ஒன்றுதான். ஆனால் இப்போது சொல்லப்போவதில் ஒரு கன்றுகூட நான் சேர்க்கவில்லை. சேர்க்க வேண்டிய அவசியமே வரவில்லை. அன்றைக்கு மைதானத்தில் இருந்தவர்களைக் கேளுங்கள். பாதிப் பேர் வாயைத் திறக்க மாட்டார்கள். மீதிப் பேர் ஊரையே விட்டுப் போய்விட்டார்கள்.

இரண்டாயிரத்து ஏழாம் வருசம், மாசி மாதம். பாண்டிச்சேரியிலிருந்து நாடகக்காரர்கள் நாலு பேர் திருப்பூருக்கு வந்தார்கள். நாடகத்தையே படித்துப் பட்டம் வாங்கியவர்கள். தலைவர் பெயர் ஞானசம்பந்தம். நொய்யல் ஆற்றைப் பற்றி ஒரு பெரிய நாடகம் போடுவது, அதில் பனியன் கம்பெனி ஜனங்களையே நடிக்க வைப்பது என்பது அவர் திட்டம். டெய்லர், செக்கிங், அயர்னிங் என்று நூறு பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் பூட்டிக் கிடந்த ஒரு பஞ்சு குடோனில் ரிகர்சல். மைக்குக்கு நான்.

மேடையில் ஆறு ஓட வேண்டும். நிஜ ஆற்றில் தண்ணீர் இல்லை. ஓடுவது சாயக் கழிவு. அதில் இறங்கி நடிக்க எந்தத் தாயும் பிள்ளையை அனுப்ப மாட்டாள். எனவே துணியில் ஆறு செய்யலாம் என்றார் ஞானசம்பந்தம். பனியன் துணி மெஷினிலிருந்து வரும்போது குழாய் மாதிரிதான் வரும். அதை வெட்டாமல் நீளமாக விரித்து, ஆட்கள் உள்ளே புகுந்து, முகத்தையும் கையையும் வைத்து அழுத்தினால் வெளியே முகம் முகமாகப் புடைக்கும். ஆறே உயிரோடு இருப்பது போலத் தெரியும்.

துணி கொடுத்தவர் மகுடேஸ்வரன். சாயப்பட்டறை முதலாளி. கரும் நீலத் துணி. தெரு நீளம் இருக்கும். துண்டுகளை ஒன்றோடொன்று தைத்துக் கயிறு மாதிரி ஒரே நீளமாக்கி வைத்திருந்தார்.

"ஏனுங்ணா, துணி சும்மா தாரேன். எம்பட பேனரு மட்டும் ஸ்டேஜுக்கு நேரா நிக்கோணும்" என்றார் என்னிடம்.

"பேனர் எதுக்குங்க? நீங்களே நின்னாப் போதும், அதே அகலந்தான்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

துணி முழுக்க வெளிர் வெளிராகத் திட்டு. சாயம் சரியாகப் பிடிக்காத இடத்தை எங்கள் ஊரில் பேட்ச் என்போம். பேட்ச் விழுந்த துணியை எந்த வெளிநாட்டுக்காரனும் வாங்க மாட்டான். ஆனால் திருப்பூர்க்காரன் துணியைத் தூக்கியும் போட மாட்டான். கூடவே பிறந்த புத்தி. அதுதான் அவரைக் கெடுத்தது.

ஞானசம்பந்தத்துக்கு ஒரே சந்தோசம். "சார், இந்த வெளுப்பெல்லாம் தண்ணி மேல வெயில் விழுந்த மாதிரியே இருக்கு சார்!"

ஆற்றுக்குள் புகுந்து நடிக்கும் கூட்டத்தில் கருத்தம்மா என்று ஒரு பெண். பரமக்குடிப் பக்கம். அவள் புருசன் முனீஸ், மகுடேஸ்வரனின் பட்டறையில் சாய மெஷின் ஓட்டியவன். அதற்கு முந்தின வருசத் தீபாவளிக்கு எல்லோரும் ஊருக்குப் போய்விட, அவசர ஆர்டர் என்று இவன் மட்டும் நின்றான். அப்புறம் ஆளைக் காணோம். போனஸை வாங்கிக்கொண்டு எவளோடோ ஓடிவிட்டான் என்றார் முதலாளி. போலீஸும் அதையே எழுதிக்கொண்டது.

ஒவ்வொருவரும் சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு வசனம் சொல்ல வேண்டும் என்பது நாடகக்காரர்களின் முறை. கருத்தம்மாவின் வசனம் மூன்றே சொல். "என் புருசன் எங்க?"

ஒருநாள் ரிகர்சல் பார்க்க வந்த மகுடேஸ்வரன் அதைக் கேட்டார். "அது மட்டும் வேண்டாமுங்க" என்றார். துணி அவருடையது. வசனம் போய்விட்டது.

அன்றைக்கு அவள் என் மைக் பெட்டி மேல் வந்து உட்கார்ந்தாள்.

"அவுக செத்துட்டாகன்னு ஒரு ஆளு சொல்லிட்டாக்கூட போதும்யா. தாலியக் கழட்டிருவேன். உசுரோட இருக்காகன்னா மஞ்சளத் தேய்ச்சுக் குளிப்பேன். ரெண்டுங்கெட்டானா எத்தன நாளைக்கு?"

நான் மைக் ஒயரைச் சுருட்டி வைத்தேன்.

அதற்கப்புறம்தான் சின்னச் சின்னதாக ஆரம்பித்தது.

சுருட்டி மூலையில் வைத்த துணி, அடுத்த ஞாயிறு வந்து தொட்டால் சுட்டது. வெயில் படாத மூலை அது. உப்பும் சோடாவும் கலந்த சாய வாடை வேறு. எத்தனை அலசியும் போகவில்லை.

வேல்விழி என்ற செக்கிங் பெண் உள்ளே போக மாட்டேன் என்று அழுதாள். "உள்ள யாரோ காலப் புடிக்கறாங்க. விளையாட்டுக்குப் புடிக்கல. மேல ஏறப் புடிக்கறாங்க."

ஒருமுறை ஞானசம்பந்தம் கையைத் தட்டி, "நடுவுல யாருப்பா அது? வாயத் திறக்காதீங்க, முகம் மட்டும் வச்சா போதும்" என்று கத்தினார்.

நடுவில் ஆளே நிறுத்தவில்லை. துணியில் அந்த முகம் மட்டும் வாயைத் திறந்து திறந்து மூடியது... அப்புறம் அமுங்கிப் போனது.

பேய் ராத்திரியில்தான் வரும் என்பார்கள். எனக்கு வந்தது ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில். பிரியாணிப் பொட்டலம் வந்து, எல்லோரும் வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார்கள். துணிக்கு மேலே கம்பியில் இரண்டு மைக் தொங்கவிட்டிருந்தேன். உள்ளே மூச்சு விடும் சத்தம் வேண்டும் என்று ஞானசம்பந்தம் கேட்டிருந்தார். சரியாக எடுக்கிறதா என்று பார்க்க ஹெட்போனை மாட்டினேன்.

சளக்... சளக்... சளக்...

தண்ணீர் அடிக்கும் சத்தம். கூடவே உருளை சுற்றும் கிறீச். சாயப்பட்டறைப் பக்கம் நடந்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். கொதிக்கிற சாயத் தொட்டி, மேலே ஒரு பெரிய உருளை. துணிக் கயிறு அதில் ஏறி ஏறி, தொட்டிக்குள் இறங்கும். விஞ்ச் என்போம்.

குடோனில் விஞ்ச் கிடையாது. கரண்ட்கூட என் ஆம்ப்ளிஃபயருக்கு மட்டும்தான்.

துணி தரையில் அசையாமல் கிடந்தது.

அப்போது ஹெட்போனில் ஒரு குரல்.

"கை மாட்டிக்கிருச்சு... மொதலாளி... நிறுத்துங்க..."

அதற்குப் பதில் இன்னொரு குரல். நிதானமாக.

"நிறுத்துனா பேட்ச் ஆயிருமப்பா. கைய உருவு. உருவு."

ஹெட்போனைக் கழற்றினேன். பின்னால் கருத்தம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"ஏங் கண்ணு... சாப்படப் போகலயா?"

அவள் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டாள். நான் தடுத்திருக்கலாம். அவள் கண்ணைப் பார்த்ததும் கை வரவில்லை. ரொம்ப நேரம் கேட்டாள். அப்புறம் துணியிடம் போய்க் குனிந்து, ஒரு வெளிர் திட்டின் மேல் தன் உள்ளங்கையை வைத்தாள். அப்போதுதான் நானும் பார்த்தேன்.

அது திட்டு இல்லை. கை. ஐந்து விரலும் விரிந்த கை. இறுக்கிப் பிடித்திருந்ததால் சாயம் ஏறாத இடம்.

அடுத்த திட்டும் கை.

அதற்கடுத்ததும்.

துணி நெடுகவும்.

"அவுகதான்" என்றாள். அழவில்லை. பொட்டலத்தைப் பிரித்து, என் எதிரில் உட்கார்ந்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். எனக்கு அதுதான் ரொம்பப் பயமாக இருந்தது.

"போலீஸுக்குப் போலாமா கண்ணு?"

"துணி பேசுதுன்னு சொல்லவாய்யா? அதுவும் உங்களக் கூட்டிக்கிட்டா?"

நியாயமான கேள்வி.

நாடகத்தன்று மைதானம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் வெள்ளை வேட்டியோடு மகுடேஸ்வரன், பக்கத்தில் பத்திரிகைக்காரர்கள். நாடகம் நன்றாகத்தான் போனது. கடைசியில் ஆறு வந்தது. நீலத் துணி மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நெளிந்தது. உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் வெளியே வந்தார்கள். இரண்டு முனையையும் பத்துப் பத்துப் பேர் பிடித்துக்கொண்டார்கள். துணி காலியாகத் தொங்கியது. மணி ஏழு பத்து.

கருத்தம்மா நேராக வந்து நடு மைக்கைப் பிடித்தாள். அவளுக்கு அங்கே வசனமே கிடையாது.

"இந்த ஆத்தக் குடுத்தது நம்ம மகுடேஸ்வரன் மொதலாளி. அவுக ஒருதடவ இதுக்குள்ள பூந்து வெளிய வரணும்னு நாங்க எல்லாரும் ஆசப்படுறோம். கை தட்டுங்க!"

மைதானமே கை தட்டியது. ஞானசம்பந்தம்கூடத் தட்டினார். ஜனங்கள் தானாகவே கலந்துகொள்வது அவருக்கு ரொம்பப் பிடிக்கும்.

மகுடேஸ்வரன் எழவில்லை. "முட்டி வலிங்க" என்றார்.

"ஏனுங்க மாப்ள, துணிக்குள்ள போறதுக்கா பயம்?" என்று பின்வரிசையிலிருந்து எவனோ குரல் கொடுத்தான். சிரிப்பு. கேமராக்கள் திரும்பின. கவுண்டர் மானம் முட்டி வலியைவிடப் பெரிது. எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். குனிந்து உள்ளே போனார்.

நடந்தார். அவர் தலையும் முதுகும் துணியில் புடைத்துத் தெரிந்தன. ஜனம் கை தட்டிக்கொண்டே இருந்தது.

பாதி தூரம்.

நின்றார்.

அவர் பக்கத்தில் இன்னொரு தலை புடைத்தது.

கைதட்டல் குறைந்தது...

துணி முறுக்க ஆரம்பித்தது. முனையைப் பிடித்திருந்தவர்கள் ஆடவே இல்லை. நடுவில் தானாக. ஈரத் துணியைப் பிழிவது போல.

ஸ்பீக்கரில்...

சளக்... சளக்...

நான் வால்யூமைக் குறைத்தேன். குறையவில்லை. ஒயரைப் பிடுங்கினேன். கையில் ஒயர். மைதானம் முழுக்கச் சத்தம்.

கிறீச்... சளக்...

"நிறுத்துங்க!" இப்போது மகுடேஸ்வரன் குரல். "சுடுது... அம்மா... நிறுத்துங்க!"

ஞானசம்பந்தம் ஓடினார். "துணிய விடுங்க! நிறுத்துங்க!"

கருத்தம்மா மைக்கை விடவில்லை. மெதுவாகச் சொன்னாள்.

"நிறுத்துனா பேட்ச் ஆயிரும்ல, மொதலாளி?"

துணிக்குள் அலறல் நின்றது.



பிறகு அவர் சொன்னார். எல்லா ஸ்பீக்கரிலும் கேட்டது. "பட்டறைக்குப் பின்னால... புதுத் தொட்டி... அடியில..."

"என்ன அடியில? பேரச் சொல்லுங்க."

"முனீஸு..."

அவள் மைக்கைக் கீழே வைத்தாள்.

முறுக்கு அவிழ்ந்தது.

கட்டிங் மாஸ்டர் ஒருவர் கத்தரியோடு ஓடி துணியைக் கிழித்தார். உள்ளே மகுடேஸ்வரன் மட்டும்தான் இருந்தார். உடம்பெல்லாம் வெந்து கொப்புளம். கொப்புளத்துக்குள் நீர் நீலம். துணியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்து, சில்லென்று இருந்தது. கைகள் ஒன்றுகூட இல்லை. ஒரே சீராக, குறை சொல்ல முடியாத கரும் நீலம். வெளிநாட்டுக்காரன் பார்த்திருந்தால் அங்கேயே வாங்கியிருப்பான்.

மறுநாள் தொட்டியை உடைத்தார்கள். முனீஸ் காணாமல் போன அதே வாரம் கொட்டிய கான்கிரீட். ஒரு விரிசல் இல்லை. நானும் போயிருந்தேன். இடுப்பில் கிடந்த வெள்ளி அரைஞாண் கயிற்றைப் பார்த்துக் கருத்தம்மா அடையாளம் சொன்னாள். அங்கேயே தாலியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். "இப்பத்தான்யா மூச்சு வருது" என்றாள். அடுத்த வாரம் பரமக்குடிக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

ஆனால் அந்தக் கான்கிரீட்டுக்குள் இருந்தது ஒரு ஆள் இல்லை.

முனீஸின் எலும்புகளைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தபடி இன்னொரு எலும்புக்கூடு. அது பதினைந்து, இருபது வருசப் பழசாவது இருக்கும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். யார் என்று தெரியவில்லை. தேடியும் யாரும் வரவில்லை.

மகுடேஸ்வரன் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் உயிரோடு இருந்தார். முனீஸ் விசயம் முழுவதையும் ஒப்புக்கொண்டு, பேனா பிடிக்க முடியாமல் கைநாட்டு வைத்தார். இரண்டாவது ஆள் யார் என்று இன்ஸ்பெக்டர் கேட்டபோதுதான் கட்டிலிலிருந்து எழுந்து ஓடப் பார்த்தாராம். நாலு பேர் பிடித்துப் படுக்க வைத்தார்களாம். காவலுக்கு நின்ற ஏட்டு என்னிடம் சொன்னார். சாகும்வரை அவர் திரும்பத் திரும்பச் சொன்னது இது ஒன்றுதான்.

"நான் போட்டது ஒருத்தனத்தானுங்க... ஒருத்தனத்தான்..."